வழிகாட்டிப் பலகையின் வாசகர் யார்? – மாதேஸ்வரன் மலைப் பாதையை முன்வைத்து ஒரு மொழியியல் திறனாய்வு

1. முன்னுரை

அச்சிலும் கல்லிலும் தகட்டிலும் வழங்கும் எழுத்துப் பனுவல்களுள் மிகச் சிறியது வழிகாட்டிப் பலகை. இரண்டு மூன்று சொற்களும் ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் சேர்ந்தால் அப்பனுவல் முடிந்துவிடுகிறது. அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை. அதனைச் சுவைப்பதற்காக நாடி வருவோரும் இல்லை. ஆயினும் அதிலுள்ள ஒரு சொற்பிழை நடந்து செல்பவர் ஒருவரைச் சில கல் தொலைவு வீணே நடக்க வைத்துவிடும். பனுவல்களைத் திறனாயும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

பொதுவிடங்களில் காணப்படும் எழுத்துகளின் தொகுதியை 'மொழி நிலத்தோற்றம்' என்னும் கருத்தாக்கமாக வகுத்து ஆராய்ந்த லாண்ட்ரி, பூரி ஆகிய இருவரின் கட்டுரை 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொதுப் பலகைகள் இருவகைப் பணிகளைச் செய்கின்றன என்று அவர்கள் காட்டினர். ஒன்று தகவற்பணி, மற்றொன்று குறியீட்டுப்பணி. 'இவ்வழியே செல்க' என்பது முதலாவது. 'இந்நிலம் இம்மொழியாருடையது' என்பது இரண்டாவது.

இவ்விரு பணிகளுக்கும் வாசகர் வேறு வேறு என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும். குறியீட்டுப்பணியின் வாசகர் ஊரார். தகவற்பணியின் வாசகர் அயலார். ஊராருக்கு வழி தெரியும். அவர்களுக்குப் பலகை தேவையில்லை. ஆனால் நம் நாட்டில் பலகையின் மொழி பெரும்பாலும் ஊராரை மட்டுமே கருதி முடிவு செய்யப்படுகிறது. அயலாருக்கு உரிய பகுதி ஆங்கில எழுத்தின் வழியாகவோ, சொல்லுக்குச் சொல் என்ற மொழிபெயர்ப்பின் வழியாகவோ நிரப்பப்படுகிறது. இதனால் விளையும் இடர்ப்பாடுகளையும் அவற்றைக் களையும் நெறிகளையும், கன்னடமும் தமிழும் கலக்கும் எல்லைப் பகுதியான மாதேஸ்வரன் மலையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒரு மலையும் அதன் மூன்று பெயர்களும்

மைசூரிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில், கொள்ளேகால், ஹனூர் வழியாகச் செல்லும் சாலையின் முடிவில் மாதேஸ்வரன் மலை அமைந்துள்ளது. இம்மலையை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அப்புதிய மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் மலையை நாடி வரும் மக்கள் மாறவில்லை. சிவராத்திரி, உகாதி, தீபாவளி ஆகிய நாள்களில் கன்னட நாட்டிலிருந்து வருவோரோடு சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டத்தினரும் மேட்டூர், பாலாறு வழியாகப் பெருந்திரளாக வருகின்றனர். மலையடிவாரமான தாளபெட்டாவிலிருந்து நடந்தே மலையேறுவது நெடுநாள் வழக்கம். கம்சாளை என்னும் தாளக் கருவியை ஒலித்து மாதேஸ்வரர் கதையைப் பாடும் தேவரகுட்டர்களின் வாய்மொழிக் காப்பியம் கன்னட நாட்டார் வழக்காற்றில் சிறப்பிடம் பெற்றது.

இம்மலைக்கு இன்று மூன்று பெயர்கள் வழங்குகின்றன. கன்னடத்தில் 'மலெ மஹதேஷ்வர பெட்ட' என்பது பெயர். ஆங்கிலத்தில் அது சுருங்கி 'எம்.எம். ஹில்ஸ்' என வழங்குகிறது. தமிழர் 'மாதேஸ்வரன் மலை' என்கின்றனர். இம்மூன்றையும் ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது.

கன்னடப் பெயரில் மலையைக் குறிக்கும் சொற்கள் இரண்டு உள்ளன. முன்னே நிற்கும் 'மலெ', தமிழ் 'மலை' என்பதன் இனச்சொல். தமிழில் ஐகாரத்தில் முடியும் சொற்கள் கன்னடத்தில் எகரத்தில் முடிவது (மனை–மனெ, தலை–தலெ) திராவிட ஒப்பியலார் நன்கறிந்த ஒலியுறவு. பின்னே நிற்கும் 'பெட்ட' என்பதே இன்றைய பேச்சுக் கன்னடத்தில் மலையைக் குறிக்கும் பொதுச்சொல். முன்னது காடடர்ந்த மலைநாட்டைக் குறித்துப் பெயரின் உறுப்பாகிவிட்டது. பின்னது பொதுப்பெயராகவே நிற்கிறது.

ஆங்கிலச் சுருக்கம் இவ்விரண்டையும் மறைத்துவிடுகிறது. பெயரை முன்னரே அறிந்தவருக்கே சுருக்கம் பயன்படும். அறியாதவருக்கு அது வெறும் எழுத்து. சுருக்காமல் முழுமையாக உரோமன் எழுத்தில் எழுதினாலும், 'மலெ' என்பது ஆங்கிலத்தில் 'ஆண்' என்று பொருள்படும் சொல்லின் எழுத்துகளையே பெற்றுவிடுகிறது. கன்னடம் அறியாத வெளிநாட்டார் அதனை எவ்வாறு ஒலிப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் வழக்கு நுட்பமானது. 'மஹதேஷ்வர' என்ற ஏட்டு வடிவத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சுக் கன்னடத்தில் 'மாதேஸ்வர', 'மாதப்ப' என வழங்கும் வடிவத்தைக் காதால் கேட்டு, அன் விகுதி சேர்த்து 'மாதேஸ்வரன்' ஆக்கிக்கொண்டது. 'பெட்ட' என்பதை 'மலை' எனப் பொருளால் பெயர்த்தது. பெயருக்கு முன் நின்ற 'மலெ'யை, பின்னே மலை என்ற சொல் வந்துவிட்டதால் விட்டுவிட்டது. சிறப்புப்பெயரை ஒலியாலும் பொதுப்பெயரைப் பொருளாலும் தருவது என்ற நெறியை, இலக்கணம் கற்ற எவரும் வகுத்துத் தராமலேயே வழிச்செல்வோர் கடைப்பிடித்துள்ளனர்.

3. எல்லை வழக்கு காட்டும் நெறி

இந்நெறி ஒரு பெயரில் மட்டும் நிகழ்ந்த தற்செயல் அன்று. இதே மலைத்தொடரைச் சூழ்ந்துள்ள வேறு பெயர்களும் இதனை உறுதி செய்கின்றன.

மேட்டூரிலிருந்து வருவோர் மாநில எல்லையைக் கடக்கும் இடம் பாலாறு. இப்பெயர் தமிழ்ச்சொற்களால் ஆனது. தமிழ்ப் பகரம் மொழிமுதலில் கன்னட ஹகரமாவது வழக்கம்; 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆகும். ஆயினும் கன்னடத்தார் இவ்விடத்தை 'ஹாலு' சேர்த்து மாற்றியமைக்கவில்லை. பகரத்தைக் காத்துப் 'பாலார்' என்றே எழுதுகின்றனர்.

இதற்கு மறுதலையாகக் காவிரிக்கரையில் உள்ள ஒகேனக்கல் தமிழக எல்லைக்குள் அமைந்தது. 'ஹொகெ' (புகை), 'கல்லு' (கல்) என்னும் கன்னடச் சொற்கள் அப்பெயரில் உள்ளன. 'ஹொகெ' என்பதற்கு நேரான தமிழ் இனச்சொல் 'புகை'. தமிழர் அவ்விடத்தைப் 'புகைக்கல்' ஆக்கவில்லை. தமிழில் இல்லாத ஹகரத்தை மட்டும் விட்டுவிட்டு 'ஒகேனக்கல்' என்றனர். 'ஹொச ஊரு' (புதிய ஊர்) ஓசூர் ஆனதும் இவ்வாறே. தமிழில் எத்தனையோ புதூர்கள் இருந்தும் அது புதூர் ஆகவில்லை.

இரு மொழியினரும் பொருள் விளங்கிய பெயர்களைக்கூட மொழிபெயர்க்காமல் விட்டதற்குக் காரணம் தெளிவானது. வழிச்செல்பவருக்குப் பெயரின் பொருள் வேண்டியதில்லை; வழி கேட்கும்போது எதிரிலுள்ளவருக்கு விளங்கும் ஒலியே வேண்டும். 'புகைக்கல் எங்கே?' என்று கேட்டால் விடை கிடைக்காது. இடப்பெயர் என்பது நம் நாட்டில் முதன்மையாகக் கேட்பதற்கும் சொல்வதற்கும் உரிய ஒலிக்கருவி. எழுத்து அதன் பின்னரே வருகிறது.

ஆனால் 'மாதேஸ்வரன் மலை'யில் 'பெட்ட' மட்டும் மொழிபெயர்க்கப்பட்டது ஏன் என்ற வினா எழும். 'பெட்ட' அங்கே தனிச்சொல்லாக நிற்கிறது. 'மாதேஸ்வரன்' என்ற அளவில் கேட்டாலே வழி கிடைத்துவிடும். ஒகேனக்கல்லில் உள்ள 'கல்' பெயரோடு கரைந்துவிட்டது. பிரித்தால் பெயரே அழியும். மேலும் 'பெட்ட' என்பதைத் தமிழெழுத்தில் எழுதினால் மொழிமுதற் பகரம் வல்லொலியாகவே படிக்கப்பட்டுப் 'பெட்டை' என்ற சொல்லை நினைவூட்டும். 'தாளபெட்டா' என்பதில் பகரம் இடையில் வருவதால் அது இயல்பாகவே மெலிந்து கன்னட ஒலிக்கு அண்மையில் நிற்கிறது. எனவே அங்கு அதனைத் தொடவேண்டிய தேவை எழவில்லை.

4. கண்வழி மொழிபெயர்ப்பின் பிழைகள்

இந்நெறியைக் கைவிட்டு, உரோமன் எழுத்தைக் கண்ணால் கண்டு மொழிபெயர்ப்பதால் நேரும் விளைவுக்குச் சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒன்று தக்க சான்றாகும். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கான வழிகாட்டிப் பலகைகளில் தமிழும் இடம்பெறுவதுண்டு. 2014ஆம் ஆண்டில் 'லாவ் பா சாட்' என்னும் பழைய சந்தைக் கட்டடத்தைச் சுட்டிய பலகையில், பெயரின் இறுதியிலுள்ள 'சாட்' என்பது ஆங்கிலத்தில் சனிக்கிழமையைக் குறிக்கும் சுருக்கமாகக் கொள்ளப்பட்டுச் 'சனி' என்று தமிழில் எழுதப்பட்டது. தமிழர் சுட்டிக்காட்டியபின் அது திருத்தப்பட்டது.

இப்பிழையை நகைப்புக்குரிய ஒன்றாக மட்டும் கருதிவிடலாகாது. ஹொக்கியன் சீனத்தில் 'லாவ்' என்பது 'பழைய' என்றும், 'பா சாட்' என்பது 'சந்தை' என்றும் பொருள்படும். 'பா சாட்' மலாய் மொழியின் 'பாசார்' என்பதன் திரிபு. 'பாசார்' பாரசீகத்திலிருந்து வந்தது. நம் கடைத்தெருக்களில் வழங்கும் 'பஜார்' என்பதும் அச்சொல்லே. காதால் கேட்டிருந்தால் தமக்கு நன்கு பழகிய சொல்லையே மொழிபெயர்ப்பாளர் அங்கே கண்டிருப்பார். கண் அவரைச் சனிக்கிழமைக்குக் கொண்டு சென்றது.

இலங்கைப் பேருந்துகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கப்பட்ட இருக்கையைக் குறிக்கும் பலகையில் 'தாய்மார்' என்பது 'நாய்மார்' என எழுதப்பட்டுப் பலரையும் புண்படுத்தியது. தமிழ் அறியாத ஒருவர் எழுத்தை ஓவியம்போல் பார்த்து எழுதும்போது 'த' 'ந' ஆகிறது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாக ஏற்கப்பட்ட நாட்டில், சட்டம் தந்த இடத்தைப் பலகை எழுதுபவரின் கை பறித்துக்கொள்கிறது. குறியீட்டுப்பணிக்காக மட்டும் ஒரு மொழியைப் பலகையில் ஏற்றி, தகவற்பணிக்கு அதனைச் சரிபார்க்க ஆளில்லாதபோது குறியீடும் இழிவாக மாறிவிடுகிறது.

இதே சிக்கல் தமிழிலிருந்து உரோமன் எழுத்துக்குச் செல்லும்போதும் எழுகிறது. தமிழ்நாட்டு அரசு 2020ஆம் ஆண்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்து வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எதிர்ப்புகள் எழுந்ததும் ஒரு சில நாள்களில் திரும்பப் பெற்றது. ஆங்கிலேயர் காலத்துத் திரிபுகளை நீக்கவேண்டும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் மேற்கொண்ட முறை ஒலிபெயர்ப்பு அன்று, எழுத்துப்பெயர்ப்பே. 'கோயம்புத்தூர்' என்பதில் மகரத்தை அடுத்த பகரம் மெலிந்து ஒலிக்கும். ஆணை தந்த வடிவமோ தமிழெழுத்தைப் பின்பற்றி அவ்விடத்தில் வல்லொலிக்குரிய உரோமன் எழுத்தையே இட்டது. 'த்த' என்பதற்கு நான்கு எழுத்துகளை அடுக்கியது. தமிழ் அறியாத பயணி அதனைப் படித்தால் ஊரார் சொல்லும் பெயர் வாயில் வராது. தமிழ் அறிந்தவருக்கோ அவ்வடிவமே தேவையில்லை. தமிழெழுத்து ஒலியன்களைக் குறிக்கிறது. அவற்றின் மாற்றொலிகளைக் குறிப்பதில்லை. அயலாருக்கான பலகை மாற்றொலிகளையே தரவேண்டும். இவ்வேறுபாட்டை மொழியியலார் ஆணைக்கு முன்னரே எடுத்துரைக்கும் வாய்ப்பு அமைந்திருந்தால், நல்ல நோக்கம் பாழாகியிராது.

5. நகரத்தில் பொதுப்பெயர்கள்

மலைப் பாதையில் கண்ட நெறி பெருநகரத்தில் மேலும் கூர்மையான சோதனைக்கு உள்ளாகிறது. மலைக்குச் செல்வோர் பலரும் கடந்து செல்லும் மைசூர் நகரை எடுத்துக்கொள்வோம். 2014 நவம்பர் முதல் நாள் கன்னட அரசு பன்னிரண்டு நகரங்களின் ஆங்கிலப் பெயர் வடிவத்தை மாற்றியபோது இந்நகரும் 'மைசூரு' ஆயிற்று. தமிழில் 'மைசூர்', 'மைசூரு' ஆகிய இரண்டும் வழங்குகின்றன. ஈற்றில் உகரம் சேர்ப்பதால் கேட்பவருக்கு ஐயம் எதுவும் எழுவதில்லை. எனவே இதில் பிடிவாதம் தேவையற்றது.

அரண்மனைக்கு அண்மையில் உள்ள 'கே.ஆர். சர்க்கிள்' என்பதைத் தமிழில் எழுத முற்படும் மொழிபெயர்ப்பாளர், அகராதியைப் பார்த்துக் 'கே.ஆர். வட்டம்' என்று எழுதக்கூடும். தமிழ்நாட்டு ஆட்சி வழக்கில் 'வட்டம்' என்பது தாலுகாவைக் குறிக்கும். வழி தேடி நடந்துவரும் தமிழர் தாம் ஒரு தாலுகாவுக்குள் நிற்பதாக எண்ணிக்கொள்வார். ஊரார் 'சர்க்கிள்' என்றே சொல்வதால், அச்சொல்லையே தமிழெழுத்தில் தருவது முறை. 'தேவராஜா மார்க்கெட்' என்பதும் அவ்வாறே. 'தேவராஜா அங்காடி' எது என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஆனால் 'சாமுண்டி பெட்ட' என்பதைச் 'சாமுண்டி மலை' எனலாம். தமிழர் நீண்ட காலமாக அவ்வாறு வழங்குகின்றனர். மலை கண்ணெதிரே நிற்கிறது.

இதிலிருந்து பொதுப்பெயர் பற்றி ஒரு வரையறையைப் பெறலாம். பார்த்தவுடன் பொருள் விளங்கும் இயற்கைப் பொருள்களின் பெயரை (மலை, ஆறு, ஏரி) மொழிபெயர்க்கலாம். மனிதர் அமைத்து, ஊரார் ஒரு குறிப்பிட்ட சொல்லால் வழங்கும் இடங்களின் பெயரை (சர்க்கிள், மார்க்கெட், கேட்) மொழிபெயர்த்தலாகாது. வசதிகளைக் குறிக்கும் சொற்களைக் (கழிப்பறை, குடிநீர், பேருந்து நிலையம், மருத்துவமனை) கட்டாயம் மொழிபெயர்க்கவேண்டும், படக்குறியும் இணையவேண்டும். கழிப்பறையைத் தேடுபவர் அதன் பெயரைத் தேடுவதில்லை, பொருளையே தேடுகிறார்.

இடப்பெயர்களைச் சீர்மை செய்வது பற்றிய முதல் ஐக்கிய நாடுகள் மாநாடு 1967இல் ஜெனீவாவில் நடைபெற்றது. அதன்பின் வந்த முயற்சிகள் ஊரார் பெயருக்கும் அயலார் பெயருக்கும் இடையே வேறுபாடு கண்டு, அயலார் பெயர்களைக் குறைக்குமாறு அறிவுறுத்தி வந்துள்ளன. நாட்டுப்படங்களுக்கு அது பொருந்தும். ஆனால் 'மாதேஸ்வரன் மலை' போன்ற அயலார் பெயர்கள் நெடுங்காலப் போக்குவரத்தால் விளைந்தவை. அவற்றை அகற்றுவது அயலாரின் வழியையே அகற்றுவதாகும்.

6. யாரை எண்ணுவது?

பலகையில் எம்மொழி இடம்பெறவேண்டும் என்ற வினா நம் நாட்டில் எப்போதும் உரிமை வினாவாகவே எழுந்துள்ளது. 1952 ஆகஸ்டு முதல் நாள் தமிழகத் தொடர்வண்டி நிலையங்களில் இந்திப் பெயர்கள் தார்பூசி அழிக்கப்பட்டன. 2017இல் தமிழக நெடுஞ்சாலை மைல்கற்களில் இந்தி எழுதப்பட்டதும், அதே ஆண்டில் பெங்களூர் மெட்ரோ நிலையங்களில் இந்திப் பலகைகள் இடம்பெற்றதும் கண்டனத்திற்கு உள்ளாயின. கடைப் பலகைகளில் தமிழுக்கு முதலிடம் என்ற தமிழ்நாட்டு விதியும், 60 விழுக்காடு கன்னடம் என்ற 2024ஆம் ஆண்டுக் கன்னட நாட்டுச் சட்டத்திருத்தமும் குறியீட்டுப்பணியைச் சார்ந்தவை. அவற்றின் நியாயத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. நிலத்தின் மொழிக்கு முதலிடமும் பெரிய எழுத்தும் உரியவை.

ஆனால் நெடுஞ்சாலைப் பலகைகளில் வழங்கும் வட்டார மொழி, ஆங்கிலம், இந்தி என்ற அமைப்பில் அண்டை மாநில மொழிக்கு இடமில்லை. மாதேஸ்வரன் மலையை நோக்கி நடக்கும் தருமபுரி உழவர் இம்மூன்றுள் ஒன்றையேனும் படிக்கவல்லவரா என்று எவரும் கேட்பதில்லை. மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காக 1956இல் மத்திய அரசு வெளியிட்ட குறிப்பாணை, ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 15 முதல் 20 விழுக்காட்டினர் பேசும் சிறுபான்மை மொழியில் முதன்மையான அரசு அறிவிப்புகளை வெளியிட அறிவுறுத்தியது. பெருந்தன்மையான அவ்வேற்பாடும் குடியிருப்போரையே எண்ணியது. திருவிழா நாளில் வந்து போகும் அயலார் எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறுவதில்லை. பலகையின் உண்மையான வாசகரோ அவர்களே.

இதற்கு மாற்றான முன்மாதிரிகள் நம்மிடையே இல்லாமலில்லை. திருமலையில் தெலுங்கோடு தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் பலகைகள் உள்ளன. சபரிமலையில் மலையாளத்துடன் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இடம்பெறுகின்றன. வடவெல்லைப் போராட்டத்தில் தமிழர் உரிமை கோரிய இடமே திருப்பதி. எனினும் அங்குள்ள தமிழ்ப் பலகையை எவரும் நில உரிமைச் சான்றாகக் கொள்வதில்லை. வருவோர் யாவர் என்று எண்ணிப் பார்த்து எழுதப்பட்டதாகவே கொள்கின்றனர். அவ்விரு மலைகளிலும் குறியீட்டுப்பணி வரிசையாலும் எழுத்தளவாலும் நிறைவேறுகிறது. தகவற்பணி மொழிகளின் எண்ணிக்கையால் நிறைவேறுகிறது. இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

இவ்வளவுகோல் தமிழகத்திற்கும் பொருந்தும். திருவரங்கத்திற்கும் இராமேசுவரத்திற்கும் நீலகிரிக்கும் வரும் கன்னடத்தார்க்குக் கன்னடத்தில் வழி சொல்லாதவர்கள், மாதேஸ்வரன் மலையில் தமிழை எதிர்பார்ப்பது முறையன்று.

7. ஓட்டுபவரும் நடப்பவரும்

இந்தியச் சாலைப் பேரவை 1977இல் முதன்முதலாக வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்திய சாலைக்குறிகளுக்கான நெறிமுறையே நம் பலகைகளுக்கு அடிப்படை. எச்சரிக்கைக்கு முக்கோணம், தடைக்குச் சிவப்பு வட்டம், வசதிகளுக்கு நீலச் செவ்வகம் என்னும் அதன் வகைப்பாடு, 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. எழுத்தின் உயரமும் பலகை நிற்கும் தொலைவும் வண்டியின் வேகத்தைக் கணக்கிட்டு அமைகின்றன. இது ஓட்டுபவருக்குரிய இலக்கணம். நடப்பவரின் தேவைகள் வேறு.

நடப்பவருக்கு நேரம் உண்டு. அவரால் நின்று படிக்கமுடியும். நடப்பவருக்கு வாயும் உண்டு. படித்ததை ஒருவரிடம் சொல்லிச் சரிபார்க்க முடியும். கெவின் லிஞ்ச் 1960இல் வெளியிட்ட நூலில், நகரத்தில் வழி காண்பவர் மனத்திலே பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளப்பொருள் ஆகிய ஐந்தைக் கொண்டு ஒரு படத்தை அமைத்துக்கொள்கிறார் என்றார். இலண்டன் நகரில் 2007 முதல் நிறுவப்பட்ட நடப்போருக்கான பலகைகள் இக்கருத்தைப் பின்பற்றி, பார்ப்பவர் நிற்கும் திசையை மேலே வைத்து வரைந்த படத்தையும், ஐந்து நிமிட நடையில் எட்டும் பரப்பைக் காட்டும் வட்டத்தையும் தருகின்றன. தொலைவை நடையால் அளப்பது நமக்குப் புதிதன்று. 'கூப்பிடு தூரம்' என்ற வழக்கு இன்றும் உயிரோடிருக்கிறது.

மேலும் பழைய சான்று ஒன்று இம்மலைக்கு அண்டை மாவட்டத்திலேயே உள்ளது. தருமபுரிப் பகுதியில் கிடைத்துள்ள அதியமான் பெருவழிக் காதக்கற்கள் தொலைவைத் தமிழெழுத்தால் குறிப்பதோடு நில்லாமல், பத்துக்குப் பெருங்குழியும் ஒன்றுக்குச் சிறுகுழியுமாகக் கல்லில் வெட்டியும் காட்டுகின்றன. எழுத்தறிந்தவர் படிக்கலாம், அறியாதவர் விரலால் தடவி எண்ணலாம். கோயம்புத்தூருக்கு அருகே இராசகேசரிப் பெருவழியில் பொறிக்கப்பட்ட சோழர் கல்வெட்டில் தமிழெழுத்தோடு வட்டெழுத்தும் இடம்பெற்றுள்ளது. இரு நாட்டார் நடமாடிய வழியில் இருவகை எழுத்தினரும் வாசகராகக் கருதப்பட்டனர் எனலாம். பெருவழியின் வாசகர் அயலார் என்பதை இக்கற்களை நாட்டியவர்கள் அறிந்திருந்தனர். 1974இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக வரையப்பட்ட 34 படக்குறிகளும், 1980இல் வெளிவந்த பன்னாட்டுத் தரமும் சென்றடைந்த இடத்திற்கு, எழுத்தும் குறியும் இணைந்த காதக்கல் முன்னரே வந்துவிட்டது.

8. எச்சரிக்கையின் தொடரமைப்பு

மாதேஸ்வரன் மலைக் காடுகள் 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. யானையும் சிறுத்தையும் உலவும் வழியில் நடப்பவருக்குப் பெயர்ப்பலகையைவிட எச்சரிக்கைப் பலகை இன்றியமையாதது. இங்கே மொழிபெயர்ப்பு உயிர் காக்கும் பணியாகிறது.

தமிழும் கன்னடமும் வினையை இறுதியில் வைக்கும் மொழிகள். 'இரவு நேரங்களில் இவ்வழியே நடந்து செல்வது தடை செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை எழுதப்படுவதாகக் கொள்வோம். தொடரின் முற்பகுதி நடந்து செல்வதைப் பற்றிப் பேசுகிறது. தடை இறுதிச் சொற்களில்தான் வெளிப்படுகிறது. மங்கிய ஒளியில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதியவர் முற்பகுதியோடு நின்றுவிடக்கூடும். ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் விளையும் கேடு இது. 'நடக்காதீர். இரவில் யானை வரும் வழி' என்று இரண்டாகப் பிரித்தால் கட்டளை முதலிலும் காரணம் பின்னும் வந்துவிடும்.

ஏவல் வடிவங்களிலும் வேறுபாடு காண வேண்டும். 'நில், கவனி, செல்' என்னும் சாலை வாசகங்கள் வேர்ச்சொல் ஏவலாக அமைந்தவை. நேரில் ஒரு முதியவரிடம் 'நில்' என்பது மரியாதைக்குறைவு. ஆனால் பலகையில் பேசுபவர் இல்லை. எனவே அங்கு அது மரியாதைக்குறைவாகத் தோன்றுவதில்லை. உடனே செய்யவேண்டியதற்கு வேர்ச்சொல் ஏவலும், ஆற அமரப் படிக்கத்தக்க அறிவுறுத்தலுக்குச் 'செல்லவும்' போன்ற வடிவமும், தடைக்கு '-ஆதீர்' ஈறும் எனப் பகுத்துக்கொள்வது தெளிவு தரும். ஒரே பாதையில் இவை கலந்து வரும்போது எது கட்டளை, எது வேண்டுகோள் என்பது மங்கிவிடுகிறது.

9. முடிவுரை

மேற்கூறிய ஆய்விலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம். சிறப்புப்பெயரை உரோமன் எழுத்தின் வழியாக அன்றி, ஊரார் ஒலிப்பைக் கேட்டு நேரடியாக எழுதவேண்டும். எல்லைப் பகுதி மக்களிடையே ஏற்கெனவே வேரூன்றிய வடிவம் இருப்பின் அதனையே கொள்ளவேண்டும். பொதுப்பெயரை அது இயற்கைப் பொருளா, ஊரார் வழக்கா, வசதியா என்று பகுத்தறிந்தபின்னரே மொழிபெயர்க்கவேண்டும். எச்சரிக்கையில் கட்டளையை முதலில் வைக்கவேண்டும். எம்மொழிகள் இடம்பெறவேண்டும் என்பதைக் குடியிருப்போர் தொகையோடு வருவோர் தொகையையும் எண்ணி முடிவு செய்யவேண்டும். நிறுவுவதற்கு முன், அம்மொழியை மட்டுமே அறிந்த ஒருவரைப் பலகையை உரக்கப் படிக்கச் செய்து, அவர் சொல்லும் பெயர் ஊராருக்கு விளங்குகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. அதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை.

இவற்றுள் எதுவும் பொறியாளர் தனித்துச் செய்யக்கூடியதன்று. ஊர்தோறும் இடப்பெயர்களின் ஒலி வடிவங்களைத் திரட்டி, கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகிய நான்கு எழுத்துகளிலும் அவற்றுக்குரிய வடிவங்களை வரையறுத்துத் தரும் கையேடு ஒன்றை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து உருவாக்கவேண்டும். எல்லை மாவட்டங்களிலுள்ள யாத்திரைத் தலங்களில் இப்பணியைத் தொடங்கலாம். அங்கே படிக்கத் தெரிந்தும் படிக்கமுடியாமல் நிற்போர் மிகுதி.